பரிசல் ஓடவில்லை

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் நான் பஸ்ஸைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு போர்டு இருக்கிறது இல்லையா, ஓடிவருகிறவர்கள் ஓடிக்கொண்டே படித்துவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்களே, அந்தப் போர்டை எழுதுவதுதான் என் வேலை. பஸ்ஸுக்குப் பதிலாக இணையப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்துக்குள்ளே யாரோ நீளமாக எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி போடுவேன். துணைத்தலைப்பு என்பது அதற்கு நல்ல தமிழ். ஆபீசில் சப்ஹெட் என்பார்கள். என் மாமியார் "எம்மருமக கம்ப்யூட்டர்ல போர்டு எழுதுது" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்ததில், ஒருவர் தன் உரக்கடைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தரச் சொல்லி பெயிண்ட் டப்பாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவரைச் சமாதானம் பண்ணி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆபீஸ் பெங்களூரில். நான் வேலை பார்த்தது பென்னாகரம் பக்கம் ஏரியூரில், எங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டின் கடைசிப் படியில். அங்கேதான் சிக்னல் ஒழுங்காக நிற்கும். சுற்றுலாப் போகிற இடங்களைப் பற்றித் தமிழில் ஒரு இணையதளம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேலே ஒரு மேடம் இருந்தார், சேலத்துக்காரர். தலைப்பில் அலங்காரம் கண்டால் அவருக்கு ஆகாது. ஆரம்பத்தில் 'இயற்கையின் மடியில் ஒரு நாள்' என்று நான் எழுதி அனுப்பியதற்கு உடனே போன் வந்தது. "மடியில என்னா இருக்குதுனு சொல்லும்மா. பஸ் இருக்குதா, பாத்ரூம் இருக்குதா?" எனக்கு மூக்கு உடைந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. உள்ளே இருக்கும் பத்தியை யாரும் படிப்பதில்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கண்ணில் படுவது கொட்டை எழுத்து மட்டும்தான். அதிலேயே பதில் இருந்தாக வேண்டும்.

இந்த வித்தை எனக்குப் பிடிபட்டதற்குக் காரணம் என் அண்ணன். அவன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணி அங்கேயே மீன் வறுத்து விற்கிறார். ஒரு தலைப்பை எழுதியதும் அண்ணனுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டுவேன். அவன் தன் முறை வரும்வரை பரிசல் துறையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பான். கேட்டதும் "சரி" என்றால் தலைப்பு தேறியது. "அப்படின்னா?" என்று கேட்டுவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுவேன். ஊட்டிக்கும் கொல்லிமலைக்கும் நான் எழுதிய தலைப்பெல்லாம் காவிரிக்கரையில் தேறி வந்தவைதான். பக்கத்தில் இருக்கிற பரிசல்காரர்களும் காது கொடுப்பார்கள். 'நுழைவுக் கட்டண விவரம்' என்று நான் எழுதியதை 'டிக்கெட் எவ்வளவு?' என்று மாற்றியது அவர்கள்தான். மேடம் என்னைப் புகழ்ந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஒகேனக்கல்லுக்கே ஒரு பக்கம் போடும் நாள் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணெய் மசாஜ் எங்கே பிடித்துவிடுவார்கள், எந்தெந்தப் பொருளைக் குரங்கு பிடுங்கும், மீன் வாங்கி எங்கே கொடுத்தால் வறுத்துத் தருவார்கள், பென்னாகரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் எப்போது, எல்லாவற்றுக்கும் தலைப்புப் போட்டேன். ஒன்றைக்கூட மேடம் திருத்தவில்லை.

அந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பே மேலே அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு செம்மண் நிறத்தில் வந்தது. தொங்குபாலத்தை மூடினார்கள். அருவியில் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. இதெல்லாம் எங்களுக்குப் புதிது இல்லை. தண்ணீர் வராவிட்டாலும் கஷ்டம், பெருகி வந்தாலும் கஷ்டம். நடுத்தரமாக ஓடுகிற சில மாதங்களை நம்பித்தான் அங்கே எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. பரிசல்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பரிசல்காரர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் அவசரமாகக் கூப்பிட்டார். விஷயம் தெரியாமல் குடும்பம் குடும்பமாக வந்து ஏமாந்து திரும்புகிறார்கள், பக்கத்தின் உச்சியிலேயே ஒரு தலைப்புப் போடு என்றார். 'வெள்ளப்பெருக்கு காரணமாகப் பரிசல் பயணத்துக்குத் தற்காலிகத் தடை' என்று எழுதினேன். வழக்கம்போல அண்ணனுக்கு வாசித்தேன்.

"இழுக்குது பாப்பா," என்றான். "பொண்டாட்டி புள்ளைங்களோட வண்டியில வர்றவன் இத்தனையும் படிச்சிக்கிட்டு இருப்பானா? ஓடலன்னு சொல்லு, போதும்."

"தற்காலிகம்னாவது இருக்கட்டும்ணா."

"அது எதுக்கு? தண்ணி வடிஞ்சா நீ எடுத்துடப் போற."

எடுத்துவிடத்தான் போகிறேன் என்று நானும் நினைத்தேன். 'ஒகேனக்கல்லில் பரிசல் ஓடவில்லை' என்று சுருக்கி அனுப்பினேன். மேடம் கைதட்டும் பொம்மை அனுப்பினார். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. செல்போனில் யாராவது ஒகேனக்கல் பரிசல் என்று தேடினால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்துக்குள் என் தலைப்பு வந்து நிற்க ஆரம்பித்தது. கேட்ட கேள்விக்கு நேரான பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதை இயந்திரமே எடுத்து அப்படி மேலே வைக்கும். எங்கள் தொழிலில் அது பெரிய கௌரவம். வாயால் கேட்டால் ஒரு பெண்குரல் அதைப் படித்தே சொல்லும். அண்ணன் அதைத் துறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினானாம். "எந்தங்கச்சி எழுதுனது" என்று அவன் திரும்பத் திரும்பக் காட்ட, அந்தப் பெண்ணும் பரிசல் ஓடவில்லை, பரிசல் ஓடவில்லை என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

தண்ணீர் வடிந்தது. தடையை நீக்கினார்கள். அன்று காலையிலேயே அண்ணன் போன் பண்ணினான். "எடுத்துடு பாப்பா, வுட்டுட்டாங்க."

'ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறது' என்று எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன். நான் எழுதி அனுப்புவதோடு சரி, தளத்தில் ஏற்றுவது அவர்கள் கையில். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பியபோது மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் சேலத்தில் தன் வீட்டில் இருந்தார். ஆபீசையே காலி செய்துவிட்டார்களாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

"பாஸ்வேர்டு எங்கிட்ட இல்லம்மா," என்றார். "ஓனர் எந்த நாட்டுல இருக்காருன்னே தெரியல. என்னையே ஒரு வரி மெசேஜ்லதான் நிறுத்துனாங்க."

"அந்தத் தளத்தை மூடிடுவாங்களா மேடம்?"

"மூடறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல? எதுவரைக்கும் பணம் கட்டி வெச்சிருக்காங்களோ அதுவரைக்கும் அதுபாட்டுக்கு நிக்கும்."

அவரை நிறுத்திய அந்த ஒரு வரியும் நல்ல தெளிவாகத்தான் இருந்திருக்கும். அவரிடம் தொழில் பழகியவர்கள் அல்லவா எழுதியிருப்பார்கள்.

ஆக, வீடு பூட்டிக்கிடக்கிறது, வாசலில் நான் எழுதிய போர்டு மட்டும் தொங்குகிறது. அதைக் கழற்ற எனக்கு ஏணியும் இல்லை, உரிமையும் இல்லை. நான் எழுதியது பொய் என்றால்கூட மன்னிப்புக் கேட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். எழுதிய அன்று அது சத்தியம். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நான் ஒகேனக்கல் போயிருந்தேன். அண்ணியின் கடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் வந்து மீன் சொன்னது. தாம்பரம் பக்கமாம். அந்த அம்மா ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பரிசல் இல்லன்னு சொல்றாங்களே. பிள்ளைங்களுக்குத்தான் ஏமாற்றம்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் பாறைகளுக்கு நடுவே ஒரு பரிசல் ஆட்களோடு சுற்றிக்கொண்டு போனது. அண்ணி கரண்டியால் அதைக் காட்டினார். "அதா பாருங்க, ஓடுதே."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். "இல்லங்க, இதுல ஓடலன்னு தெளிவா போட்டிருக்கே. அது இங்க இருக்கற ஆளுங்களா இருக்கும்." சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.

இவர்களாவது வந்தார்கள், நான் பார்த்தேன். கிளம்பும் முன்பே போனைக் கேட்டுவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பியவர்களை நான் எங்கே போய்ப் பார்ப்பது? அந்த வருஷம் கூட்டம் குறைந்ததற்கு என் தலைப்புதான் காரணம் என்று சத்தியம் பண்ணவும் என்னால் முடியாது. வெள்ளச் செய்தியைப் பார்த்துப் பயந்திருக்கலாம், மழை பயமுறுத்தியிருக்கலாம். இல்லை என்றும் சொல்ல முடியாது. அண்ணனுக்கு ஒரு நாள் முறையே வராமல் போனது. அடுத்த நாளும் வரவில்லை.

அன்று சாயங்காலம் கடையைக் கட்டும்போது அண்ணன் ஒரு பேச்சை எடுத்தான். பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை இருக்கிறதாம். அண்ணியின் தம்பி பார்த்து வைத்திருந்தார்.

"தீபாவளி லீவுல ஓட்டம் வருதான்னு பாக்கறன். வரலன்னா போயிடறன்."

"இவரு கேட்டுப் பக்கத்துல போய் நின்னா ரெண்டு நாள் தாங்குவாரா?" என்றார் அண்ணி என்னிடம். அண்ணனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் என்னிடம்தான் சொல்வார். "தண்ணி இல்லாத ஊர்ல இவருக்குத் தூக்கமே வராதும்மா."

தீபாவளிக்குள் அந்தத் தலைப்பை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. தேடினால் வரும் அந்தக் கட்டத்துக்குக் கீழே, இந்தத் தகவல் தவறு என்று சொல்வதற்குப் பொடி எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினேன். நன்றி என்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. நான் ஒருத்தி அழுத்தினால் எடுபடாது, எல்லோரும் அழுத்த வேண்டும் என்று துறையில் சொல்லிக்கொடுத்தேன். நான் கெட்ட நேரம் பார்த்து வாய் திறந்த இடம் அதுதான்.

பரிசல்காரர்கள் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் ஒற்றுமையாக எடுப்பார்கள். காலையில் துறைக்கு வந்ததும் எல்லோரும் முதல் வேலையாகப் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, மாறிவிட்டதா என்று பார்த்தார்கள். மீன் கடைக்காரர்கள் பார்த்தார்கள். மசாஜ் பிடிக்கிறவர்கள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். பென்னாகரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களையும் திறந்து பார்க்கச் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? 'இது பொய், நம்பாதீங்க, எல்லாருக்கும் அனுப்புங்க' என்று ஒரு வரி எழுதி, அந்தப் பக்கத்தின் முகவரியையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு முகவரியை அனுப்பினால் கூடவே படமும் தலைப்பும் கொட்டை எழுத்தில் தானாக வந்து நிற்கும். அதைத்தான் கண் பார்க்கும். கைமாறிக் கைமாறிப் போகும்போது இது பொய் என்ற வரி எங்கேயோ உதிர்ந்துபோனது. தர்மபுரியில் இருக்கும் என் சித்தி எனக்கே அனுப்பினார். 'ஒகேனக்கல்லில் பரிசல் ஓடவில்லை' என்று இருந்தது. கீழே அவர் கையால் எழுதியிருந்தார்: 'அண்ணனுக்கு வேலை இல்லையா சாமி? பாவம்.'

இந்தத் தொழிலில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் புலம்பினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இத்தனை பேர் தினமும் போய்ப் பாத்தா, இது முக்கியமான பக்கம்னுதானே மிஷின் நினைக்கும்? நீங்களே சேர்ந்து தண்ணி ஊத்தி வளத்திருக்கீங்க." அது நிஜமா, அவள் ஊகமா என்று எனக்குத் தெரியாது. தலைப்பு மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. துறையில் போய் இனிமேல் யாரும் திறந்து பார்க்காதீர்கள் என்று சொன்னேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்? மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் திறந்துதானே பார்க்க வேண்டும் என்றார் ஒருவர்.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. யார் மேல் கொடுப்பது? ஓனர் யாரென்று தெரியாது, ஆபீஸ் இல்லை. "எம்மேல குடுங்க" என்றேன். நிஜமாகவே சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கடைசியாக, காசில்லாமல் கிடைக்கும் ஒரு இடத்தில் நானே சொந்தமாக ஒரு பக்கம் ஆரம்பித்தேன். 'ஒகேனக்கல்லில் இன்று பரிசல் ஓடுகிறது' என்று தலைப்பு வைத்து, தினமும் காலையில் அண்ணனிடம் கேட்டுத் தேதி போட்டு ஏற்றினேன். மேடம் பார்த்திருந்தால் குறையே சொல்லியிருக்க மாட்டார். அதைப் படித்தது நானும் அண்ணனும்தான். தேடினால் எங்கேயோ அடியில் கிடந்தது. மேலே பழைய தலைப்பு கட்டத்துக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதை எழுதியவளும் நான், இதை எழுதியவளும் நான். என்னோடு நானே போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

தீபாவளி வந்து போனது. கூட்டம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, போதவில்லை. அண்ணன் பரிசலைத் தூக்கி வந்து அண்ணியின் கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டான். பையை எடுத்துக்கொண்டு பென்னாகரம் வந்தான். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். அந்தச் சமயத்தில்கூட, "புதுசா எதாச்சும் எழுதுனியா பாப்பா, வாசிச்சுக் காட்டு" என்றான். இல்லைண்ணா என்றேன்.

இப்போது எனக்கு வேறு இடத்தில் வேலை. அதே தலைப்பு எழுதும் வேலைதான். ஆனால் முன்போல எழுத வரவில்லை. எதை எழுதினாலும் 'இப்போதைக்கு' என்றோ 'விசாரித்துவிட்டுப் போகவும்' என்றோ ஒரு வாலைச் சேர்த்துவிடுகிறேன். நீளமாக இருக்கிறது, தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். வாலை வெட்டி அனுப்புகிறேன். வெட்டிய ஒவ்வொன்றும் எங்கே போய் யார் வாசலில் நிற்கப் போகிறதோ. வாசித்துக் காட்டவும் ஆள் இல்லை. வேலை நேரத்தில் அண்ணன் போன் எடுக்கக் கூடாதாம்.

பொங்கல் கழிந்து அவனைப் பார்க்கப் பெங்களூர் போனேன். அண்ணி மீன் வறுத்துக் கொடுத்திருந்தார். நீல நிறச் சட்டையும் தொப்பியுமாக அண்ணன் கேட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தொப்பி அவன் தலைக்குப் பெரிசு. வெயிலில் பரிசல் ஓட்டிக் கறுத்த கழுத்து அந்தச் சட்டைக் காலருக்குள் வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. அவன் உட்காரும் சின்ன அறையில் என்னை உட்காரவைத்துவிட்டு, தூக்குப்போணியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். ஊரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். தண்ணி எவ்வளவு போகுது, மெயினருவியில விழுதா, யாராருக்கு ஓட்டம் வருது. பரிசல் நன்றாக ஓடுகிறது, இந்த வாரம் பரவாயில்லையாம், அண்ணி சொன்னார் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "வரட்டும், வரட்டும்" என்றான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒருவர் தமிழில் கேட்டார். "நீங்க ஒகேனக்கல்தானே? சனிக்கிழமை ஃபேமிலியோட போலாம்னு பாக்கறோம். பரிசல் இருக்குமா? போன்ல ஓடலன்னு போட்டிருக்கு."

பின்சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் எழுந்தே விட்டேன். இத்தனை மாதமாக யாரிடம் போய்ச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேனே, அந்த ஆள் இதோ காரில் உட்கார்ந்து கேட்கிறார். அதுவும் யாரிடம் கேட்கிறார்! அண்ணன் குனிந்து, அவர் நீட்டிய போனைப் பார்த்தான். கட்டத்துக்குள் என் தலைப்பு இருந்தது. அவன் நிமிர்ந்தான்.

"ஆமாங்க சார்," என்றான். "ஓடலைங்க."

கார் போய்விட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாண்ணா இது? நீயே இப்படிச் சொன்னா? இப்பத்தானே ஓடுதுனு சொன்னன்?"

அவன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

"என்னுது ஓடலையே பாப்பா," என்றான்.

அடுத்த கார் ஹார்ன் அடித்தது. அவன் போய்க் கேட்டைத் திறந்துவிட்டான்.